இணைவுப் புரதம் கொண்டு படிகம் வளர்ப்பது எப்படி: கன்ஸ்ட்ரக்ட் முதல் கட்டமைப்பு வரை

புரதம் தூய்மையாக வந்துவிட்டது. ஜெல்லில் ஒரே பட்டை. துளி வைத்து வாரக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்தாலும் தெரிவது தெளிந்த துளி, இல்லையென்றால் பழுப்பு வீழ்படிவு; படிகம் மட்டும் காணோம். புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் கட்டமைப்பு உயிரியலில் இறங்கும் மாணவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அடுத்து எந்த ஸ்கிரீன், அதாவது படிகமாக்கும் கரைசல்களின் எந்தத் தொகுப்பு, வாங்கலாம்? ஸ்கிரீனுக்குச் செலவழிக்கும் முன் புரதத்தையே மாற்றிப் பாருங்கள் என்பது என் பதில். எளிதில் படிகமாகும் இன்னொரு புரதத்தோடு உங்கள் புரதத்தை ஒரே சங்கிலியாக இணைத்து (இப்படி வடிவமைத்த சங்கிலிதான் கன்ஸ்ட்ரக்ட்), அந்த முழு மூலக்கூறையும் படிகமாக்கும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இரண்டு புரதங்கள் சேரும் இடத்தில் இருக்கும் நான்கைந்து அமினோ அமிலங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. அதனால் அந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவற்றை வேண்டிய அளவுக்குத் தொட்டுச் செல்கிறேன்.

எப்போது இந்த வழி

படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறை அதே இடத்தில், அதே கோணத்தில் தொட வேண்டும். லைசின், குளூட்டமேட் போன்ற நீளமான பக்கச் சங்கிலிகள் மேற்பரப்பு முழுவதும் ஆடிக்கொண்டிருந்தால் அப்படிப்பட்ட தொடுகை உருவாவது கடினம். சிறிய புரதங்களுக்குத் தொடுகைக்கான பரப்பே குறைவு. சவ்வுப் புரதங்களின் நிலையோ இன்னும் மோசம்: பெரும்பகுதி டிடர்ஜென்ட்டால் மூடப்பட்டிருக்கும், நீர் விரும்பும் பரப்பு கொஞ்சம்தான் வெளியே தெரியும். இவற்றோடு உறுதியான ஒரு துணைப் புரதத்தை இணைத்தால், தொடுகைக்கான பரப்பை அந்தத் துணையே தந்துவிடும்.

இதற்கு நல்ல வரலாறு உண்டு. 1999இல் மனித டி-செல் லுகீமியா வைரஸின் ஜிபி21 என்ற உறைப் புரதத்தின் ஒரு பகுதியை மால்ட்டோஸ் பிணைப்புப் புரதத்தோடு இணைத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கட்டமைப்பைக் கண்டார்கள். 2007இல் பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியின் மூன்றாவது உள்வளையத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டி4 லைசோசைமை வைத்து 2.4 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் கட்டமைப்பு வெளிவந்தது. அந்தத் துறையில் உழைத்த பிரையன் கோபில்கா, ராபர்ட் லெஃப்கோவிட்ஸோடு 2012இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஏற்பியைப் போல செல் சவ்வில் இருக்கும் ஜி-புரத ஏற்பிகளின் கட்டமைப்புகள் அதன்பின் வரிசையாக வந்ததில் இணைவு முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் புரதம் கீழே உள்ள மூன்றில் ஒன்றாக இருந்தால் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம். துணையோடு இருக்கும்வரை கரைந்து, துணையை வெட்டியதும் வீழ்ந்துவிடும் புரதம்; தனியாகக் கரைந்தும் படிகமாகாத சிறிய புரதம்; சவ்வுப் புரதம். இரண்டு முனைகளுமே புரதத்தின் உள்ளே புதைந்திருந்தாலோ, வினை நடக்கும் இடம் முனையிலேயே இருந்தாலோ யோசித்து இறங்க வேண்டும்.

முதல் படி: இலக்குப் புரதத்தின் எல்லைகள்

ஆய்வுக்கூடத்தில் கை வைக்கும் முன் கணினியில் உட்காருங்கள். அமினோ அமில வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் நிரலின் கணிப்பைத் திறந்து ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் உள்ள நம்பகத்தன்மை மதிப்பெண்ணைப் பாருங்கள். 70க்கு மேல் இருந்தால் முதுகெலும்பை ஓரளவு நம்பலாம். 50க்குக் கீழே நீளமாக ஒரு பகுதி போனால், அது பெரும்பாலும் ஒழுங்கில்லாத வால். அந்த வாலை வெட்டிவிடுங்கள். வாலை வைத்துக்கொண்டு துணையை இணைத்தால், துணைக்கும் உங்கள் மடிந்த புரதத்துக்கும் நடுவில் தளர்ந்த கயிறு ஒன்று வந்துவிடும். செய்ததற்குப் பலன் இருக்காது.

கணிப்போடு நிற்காமல் ஒரு சின்னச் சோதனையும் செய்துவிடுங்கள். மிகக் குறைந்த அளவு டிரிப்சினையோ கைமோடிரிப்சினையோ சேர்த்து, குறிப்பிட்ட நேர இடைவெளிகளில் எடுத்து ஜெல்லில் ஓட்டினால் எந்தத் துண்டு நொதிக்குத் தாக்குப்பிடிக்கிறது என்று தெரியும். அந்தத் துண்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்பினால் எல்லை துல்லியமாகக் கிடைக்கும். கணிப்பும் சோதனையும் ஒத்துப்போனால் தைரியமாக மேலே போகலாம்.

இரண்டாம் படி: துணையைத் தேர்ந்தெடுத்தல்

நீரில் கரையும் புரதம் என்றால் என் முதல் தேர்வு மால்ட்டோஸ் பிணைப்புப் புரதம்தான். இனி எம்பிபி என்றே எழுதுகிறேன். ஈ.கோலையிலிருந்து வந்தது, சுமார் 42 கிலோடால்டன், நன்றாகக் கரையும், மால்ட்டோஸ் சேர்த்தால் இரண்டு மடல்களும் மூடி உறுதியாகிவிடும், கட்டமைப்பு பல முறை தீர்க்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட இணைவுக் கட்டமைப்புகள் இதைக் கொண்டு வந்திருக்கின்றன. அதன் சமிக்ஞைப் பகுதியை நீக்கிவிட்டால் புரதம் செல்லின் உள்ளேயே தங்கும். உங்கள் புரதத்தில் டைசல்ஃபைடு பிணைப்புகள் இருந்தால் மட்டும் பெரிபிளாசத்துக்கு அனுப்புவது, ஷஃபிள் போன்ற செல் வகையைப் பயன்படுத்துவது ஆகிய இரண்டில் ஒன்றைப் பாருங்கள்.

சவ்வுப் புரதம் என்றால் டி4 லைசோசைமோ பிரில் எனப்படும் சைட்டோகுரோம் பி562இன் உறுதியாக்கப்பட்ட வடிவமோ பொருந்தும். டி4 லைசோசைமின் இரண்டு முனைகளும் அருகருகே இருக்கின்றன. அதனால்தான் ஒரு வளையத்துக்குள் செருகினாலும் ஏற்பியின் சுருள்கள் விலகிப்போவதில்லை. அதில் இயல்பாக இருக்கும் 54, 97ஆம் இடத்து சிஸ்டீன்களை மாற்றிய வடிவத்தையே எடுங்கள். பிரில் நான்கு சுருள் கட்டு, சுமார் 12 கிலோடால்டன். முனையிலும் வைக்கலாம், வளையத்திலும் வைக்கலாம்.

ஜிஎஸ்டி என்ற துணைப் புரதம் 26 கிலோடால்டன். ஆனால் இரட்டையாகவே இருக்கும். ஒட்டும் புரதமும் இரட்டையாக வந்து நிற்கும். குட்டிப் பெப்டைடுகளுக்குச் சரி, மற்றவற்றுக்கு என் முதல் தேர்வு அல்ல. சூமோ என்ற சிறு புரதத்தைக் கரைதிறனுக்காக எல்லோரும் பயன்படுத்துகிறோம்; ஆனால் அதன் இரண்டு முனைகளும் தளர்ந்தவை. வெட்டி எறிவதற்கு அருமையான டேக் (ஒட்டு), படிகத்துக்குள் விட்டுவைக்க ஏற்றதல்ல. டெல் என்ற புரதத்தின் சாம் பகுதி தானாகவே சுருள் வடிவில் நீண்டுகொண்டே போகும் இயல்புடையது. 2007 முதல் அதைப் படிகத் துணையாக்கும் முயற்சி நடக்கிறது. எம்பிபியும் மற்றவையும் கைவிட்ட பிறகு பார்க்க வேண்டிய வழி அது.

மூன்றாம் படி: இணைப்பு

கடையில் கிடைக்கும் எம்பிபி வெக்டர்களில் துணைக்கும் இலக்குக்கும் நடுவில் பத்து அஸ்பரஜின் கொண்ட நீண்ட லிங்கரும் (இணைப்புத் துண்டு), அதன்பின் நொதி வெட்டும் இடமும் இருக்கும். தூய்மையாக்கி, வெட்டிப் பிரிப்பதற்காக வடிவமைத்தது அது. அப்படியே படிகத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு புரதங்களும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திரும்பும். கோடிக்கணக்கான மூலக்கூறுகள், ஒவ்வொன்றும் வேறு வடிவம். அதிலிருந்து ஒழுங்கான படிகத்தை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே லிங்கரைக் குட்டையாக்குங்கள். பரவலாக வெற்றி தந்தது மூன்று அலனின்கள். எம்பிபியின் கடைசிச் சுருள் 366ஆம் இடத்து திரியோனின் வரை வருகிறது. அதன்பின் ஓர் அஸ்பரஜின், பிறகு மூன்று அலனின், உடனே உங்கள் புரதம். அலனின் சுருளாகச் சுற்றவே விரும்பும். அதனால் எம்பிபியின் கடைசிச் சுருள் லிங்கர் வழியாக நீள்கிறது. உங்கள் புரதமும் சுருளில் தொடங்கினால் மூன்றும் ஒரே தொடர்ச்சியான சுருளாகிவிடும். அசைவு வெகுவாகக் குறையும். இன்னும் இறுக்க வேண்டுமென்றால் அந்தக் கடைசிச் சுருளில் 359ஆம் இடத்து குளூட்டமேட், 362ஆம் இடத்து லைசின், 363ஆம் இடத்து அஸ்பார்ட்டேட் ஆகிய மூன்றையும் அலனினாக்கிய வடிவம் உண்டு. கிளைசின், செரின், புரோலின் எதையும் இந்த இடத்தில் வைக்காதீர்கள்.

இனி வருவதைக் கவனித்துப் படியுங்கள். ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். அதாவது ஓர் அலனினைக் கூட்டினாலோ குறைத்தாலோ உங்கள் புரதம் சுருளின் அச்சில் சுமார் 100 டிகிரி திரும்பி, 1.5 ஆங்ஸ்ட்ராம் தள்ளிப்போகும். ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம் என்றாலும் இரண்டு கன்ஸ்ட்ரக்ட்களின் வடிவம் முற்றிலும் வேறு. ஒன்றில் இலக்குப் புரதம் எம்பிபியின் மேல் இதமாகச் சாய்ந்து நிற்கும், அடுத்ததில் முட்டிக்கொள்ளும், மூன்றாவதில் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். எது படிகமாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றையும் செய்வதற்கு ஆகும் செலவு சில பிரைமர்கள் மட்டுமே. அடிப்படையான ஒரு பிளாஸ்மிட் கையில் இருந்தால் போதும். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து அலனின் லிங்கர்களைப் பிசிஆரிலேயே உருவாக்கிவிடலாம். இலக்குப் புரதத்தின் தொடக்கத்தையும் ஓரிரு அமினோ அமிலம் முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஒரே கன்ஸ்ட்ரக்டை ஆயிரம் நிலைமைகளில் வைப்பதைவிட, ஆறு கன்ஸ்ட்ரக்ட்களை இரண்டே ஸ்கிரீன்களில் வைப்பது மேல். பணம் குறைவாக உள்ள கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு இது இன்னும் பொருந்தும்.

ஒவ்வொரு வடிவத்தையும் ஆல்ஃபாஃபோல்டில் முழு இணைவாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு பகுதிகளின் நிலையைப் பற்றிய பிழை வரைபடத்தில் எதில் நிச்சயம் கூடுதலாகத் தெரிகிறதோ அதை முதலில் செய்யுங்கள். முட்டல் வெளிப்படையாகத் தெரியும் வடிவத்தை ஒதுக்குங்கள். கணிப்பைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதை முன்னால் செய்வது என்று முடிவெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

உங்கள் புரதம் பீட்டா இழையிலோ வளையத்திலோ தொடங்கினால் தொடர்ச்சியான சுருள் கிடைக்காது. அப்போதும் குட்டை லிங்கர்தான். ஆனால் நீளங்களை இன்னும் பரவலாகச் சோதியுங்கள்.

இன்னொரு கருவியும் இருக்கிறது. எம்பிபியின் மேற்பரப்பிலேயே ஆடும் பக்கச் சங்கிலிகளை அலனினாக்கிப் படிகத் தொடுகையை எளிதாக்கிய வடிவங்கள் உண்டு: 82, 83ஆம் இடங்கள், 172, 173ஆம் இடங்கள், 239ஆம் இடம். புதிதாக ஜீன் வாங்குகிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே இவற்றைச் சேர்த்து எழுதச் சொல்லிவிடுங்கள். கூடுதல் செலவு இல்லை.

படிகத்துக்கான கன்ஸ்ட்ரக்டில் நொதி வெட்டும் இடம் கூடாது. அதோடு, நீண்ட லிங்கரும் டெவ் என்ற நொதி வெட்டும் இடமும் உள்ள இன்னொரு பிளாஸ்மிட்டையும் தனியாக வைத்திருங்கள். இலக்குப் புரதம் தனியாக எப்படி இயங்குகிறது என்று பிறகு ஒப்பிட அது தேவைப்படும்.

நான்காம் படி: வளர்த்தலும் தூய்மையாக்கலும்

ஹிஸ்டிடின் டேக்கை எம்பிபியின் முன்பக்கத்தில் வையுங்கள். பிஎல்21 (டிஇ3) செல், ஓடி (செல் அடர்த்தி) 0.6 முதல் 0.8, புரத உற்பத்தியைத் தூண்ட 0.2 மில்லிமோலார் ஐபிடிஜி, 18 டிகிரியில் இரவு முழுவதும். குளிர்விக்கும் வசதி இல்லாத ஷேக்கர் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. அக்னி நட்சத்திரக் காலத்தில் நம் ஊரில் ஏசி இல்லாத அறைகளில் 35 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். அப்போது குளிர்விக்கும் ஷேக்கர் உள்ள இடத்தில் செய்யுங்கள், இல்லாவிட்டால் வேலையைத் தள்ளிவையுங்கள். 18 டிகிரி என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு 30 டிகிரியில் வளர்த்த புரதம் தவறாக மடிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அமைலோஸ் நெடுவரிசை பயன்படுத்துவதாக இருந்தால் வளர்ப்பூடகத்தில் 0.2 சதவீதம் குளுக்கோஸ் சேருங்கள். ஈ.கோலையின் அமைலேஸ் அடங்கியிருக்கும். இல்லையென்றால் உங்கள் ரெசினையே அது தின்றுவிடும். மற்றபடி வழக்கமான முறைதான்: பிஎச் 8 டிரிஸ், 300 மில்லிமோலார் உப்பு, புரதம் சிதையாமல் காக்கும் பிஎம்எஸ்எஃப்; ஹிஸ்டிடின் டேக்கைப் பிடிக்கும் நிக்கல் நெடுவரிசையில் 20 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி 250இல் எடுப்பது; அமைலோஸ் என்றால் 10 மில்லிமோலார் மால்ட்டோஸில் எடுப்பது.

தவறவே விடக்கூடாத கட்டம் ஜெல் வடிகட்டல், அதாவது மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் நெடுவரிசை. எம்பிபி தவறாக மடிந்த புரதத்தையும் கரைசலிலேயே தாங்கி நிறுத்திவிடும். ஜெல்லில் ஒரே பட்டை, கரைசல் தெளிவு, செறிவும் நன்றாக ஏறும். ஆனால் உள்ளே இருப்பது கரையும் திரள். சூப்பர்டெக்ஸ் 200இன் 24 மில்லிலிட்டர் நெடுவரிசையில் அது 8 மில்லிலிட்டர் அருகிலேயே, நெடுவரிசையின் மணிகளுக்குள் நுழையாமல் வெற்றுக் கனஅளவில் வெளியே வந்துவிடும். உங்கள் இணைவின் எடைக்குரிய இடத்தில் கூர்மையான முகடு வந்தால் மட்டுமே மேலே போங்கள். எல்லாமே வெற்றுக் கனஅளவில் வந்தால் அந்தக் கன்ஸ்ட்ரக்டைக் கைவிடுங்கள். துளி வைக்க வேண்டாம். டைனமிக் லைட் ஸ்கேட்டரிங் வசதி இருந்தால் துகள் அளவுகளின் பரவல் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஜெல்லை அளவுக்கு மீறி ஏற்றி ஒரு முறை ஓட்டுங்கள். 42 கிலோடால்டன் அருகில் மெல்லிய பட்டை தெரிந்தால், இலக்கு அறுந்துபோன வெறும் எம்பிபியும் கூடவே இருக்கிறது. அதை இங்கேயே பிரித்துவிடுங்கள். பின்னால் வரப்போகும் பெரிய ஏமாற்றம் இதிலிருந்துதான் தொடங்கும்.

கடைசிக் கரைசல் எளிமையாக இருக்கட்டும்: 10 முதல் 20 மில்லிமோலார் ஹெப்பிஸ் பிஎச் 7.5, 50 முதல் 100 மில்லிமோலார் உப்பு, சில மில்லிமோலார் மால்ட்டோஸ், சிஸ்டீன் இருந்தால் ஒடுக்கியாக டிசெப். மால்ட்டோஸை மறந்துவிட்டால் எம்பிபி திறந்தும் மூடியும் இரண்டு வடிவில் இருக்கும். செறிவு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை போகலாம். எம்பிபி இணைவுகள் பெரும்பாலும் அதைத் தாங்கும். வெப்ப உருகல் சோதனை செய்தால் கவனம் தேவை: எம்பிபியின் உருகல் முகடு பெரிதாக வந்து உங்கள் புரதத்தின் முகட்டை மறைத்துவிடும்.

ஐந்தாம் படி: துளி வைத்தல்

ஈசிஆரில் சென்னைக்குப் போகும்போது மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் நீர் மெல்லக் குறையக் குறைய உப்பு திரண்டு படிகமாகும். ஆவிப் பரவல் முறையில் நடப்பதும் அதுதான்: புரதத் துளியிலிருந்து நீர் மெதுவாகக் கீழே உள்ள செறிந்த கரைசலுக்குப் போகிறது, துளி கெட்டியாகிறது. வேகமாகப் போனால் வீழ்படிவு, மெதுவாகப் போனால் படிகம்.

ரோபோ இருந்தால் 96 குழித் தட்டில் கால் மைக்ரோலிட்டர் துளிகள். கையால் வைப்பதானால் 24 குழித் தட்டு, குழியின் அடியில் அரை மில்லிலிட்டர் தேக்கக் கரைசல், துளியில் ஒரு மைக்ரோலிட்டர் புரதமும் ஒரு மைக்ரோலிட்டர் தேக்கக் கரைசலும். இன்டெக்ஸ், பெக்/அயான், ஜேசிஎஸ்ஜி ப்ளஸ் போன்றவற்றில் இரண்டு ஸ்கிரீன் போதும் தொடங்க. ஏசி காற்று நேராக வீசும் மேசையில் துளி வைக்காதீர்கள். சின்னத் துளி மூடுவதற்குள்ளேயே காய்ந்துவிடும். 20 டிகிரியிலும் 4 டிகிரியிலும் ஒவ்வொரு தட்டு வையுங்கள்.

வெப்பநிலை ஏறி இறங்கினால் வளரும் படிகம் கெட்டுப்போகும். நம் கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதையும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியதையும் இங்கே இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். மின்சாரம் போனால் இன்குபேட்டர் அறை வெப்பத்துக்கு வந்துவிடும். அரிய புரதத்தை ஜனவரி முதல் மார்ச் வரை வையுங்கள். அதற்கு முன்பே வைத்தாக வேண்டுமென்றால் இன்குபேட்டருக்குத் தனி யூபிஎஸ் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் தட்டுகளைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து இன்குபேட்டரில் வையுங்கள். வெப்பநிலை மாறினாலும் மெதுவாக மாறும்.

படிகம் மாதிரி ஏதாவது தெரிந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உப்பா, புரதமா? மெத்திலீன் நீலச் சாயம் ஒரு துளி விட்டால் புரதப் படிகம் நிறத்தை உள்ளே இழுக்கும், உப்பு பெரும்பாலும் இழுக்காது. புரதம் என்றால், முழு இணைவா, வெறும் எம்பிபியா? சில படிகங்களைத் தேக்கக் கரைசலில் பல முறை கழுவி, கரைத்து, வெள்ளிச் சாயமிட்ட ஜெல்லில் பாருங்கள். 42இல் மட்டும் பட்டை வந்தால் நீங்கள் வளர்த்திருப்பது எம்பிபியின் படிகம். மூன்றாவது: மீண்டும் வருகிறதா? அதே நிலைமையில் பிஎச்சையும் பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) செறிவையும் சிறிது சிறிதாக மாற்றித் தட்டு வையுங்கள். படிகம் குட்டியாக இருந்தால் நொறுக்கி, விதையாக மற்ற நிலைமைகளில் தூவுங்கள். ஒரு லிங்கர் வடிவத்தின் விதை இன்னொரு வடிவத்திலும் படிகம் எழுப்பலாம். கட்டாயம் முயன்று பாருங்கள்.

ஆறாம் படி: உறையவைத்துத் தரவு எடுத்தல்

20 முதல் 25 சதவீதம் கிளிசராலோ எத்திலீன் கிளைகாலோ சேர்த்த தாய்க் கரைசலில் படிகத்தை நனைத்து, லூப்பில் எடுத்துத் திரவ நைட்ரஜனில் போடுங்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். திறந்து வைத்த நைட்ரஜன் பாத்திரத்தில் பனித்துகள் சேர்ந்து லூப்பில் ஒட்டும். தரவில் பனி வளையங்களாக அது வந்து நிற்கும். காலாப்பட்டு மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் வேலை செய்பவர்கள் ஈரம் குறைந்த ஏசி அறையில் செய்யுங்கள், பாத்திரத்தை மூடியே வையுங்கள், நைட்ரஜனை அடிக்கடி மாற்றுங்கள்.

முதல் சோதனைக்கு ஆய்வுக்கூட எக்ஸ்-கதிர்க் கருவி போதும். நல்ல தரவுக்கு இந்தூரில் இந்தஸ்-2 ஒளிமூலத்தின் பிஎல்-21 கற்றை புரதப் படிகவியலுக்கென்றே உள்ளது. பிரான்ஸின் கிரெனோபிளிலும் இத்தாலியின் திரியெஸ்தேயிலும் உள்ள ஒளிமூலங்களையும் இந்திய ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். நேரத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். படிகம் வந்த பிறகு விண்ணப்பித்தால் காத்திருப்பு நீளும்.

ஏழாம் படி: கட்டமைப்பைத் தீர்த்தல்

இணைவு முறை இங்கே இன்னொரு பயனும் தருகிறது. எக்ஸ்-கதிர்த் தரவில் நேரடியாகக் கிடைக்காத ஃபேஸ் (அலைகளின் கட்டம்) தகவலில் பெரும்பகுதியை எம்பிபியே கொடுத்துவிடும். 110 அமினோ அமிலப் புரதத்தை இணைத்திருந்தால் மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் எம்பிபிதான். மால்ட்டோஸ் சேர்த்திருந்தால் புரதத் தரவு வங்கியில் 1ஏஎன்எஃப் என்ற மூடிய வடிவத்தையும், சேர்க்காவிட்டால் 1ஓஎம்பி என்ற திறந்த வடிவத்தையும் தேடல் மாதிரியாக ஃபேசர் என்ற நிரலில் கொடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் எம்பிபியின் இரண்டு மடல்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். மூடும் கோணம் சற்று மாறியிருக்கலாம். எம்பிபி அமர்ந்ததும் அதை நிலைநிறுத்திவிட்டு, இலக்குப் புரதத்தின் ஆல்ஃபாஃபோல்ட் மாதிரியை இரண்டாவதாகத் தேடுங்கள். இடம்பெயர்வுத் தேடலின் இசட் மதிப்பு 8க்கு மேல் இருந்தால் தீர்வு பெரும்பாலும் சரி.

அப்புறம் ஒரு கண்டிப்பான சோதனை. எம்பிபி மட்டும் அமர்ந்த நிலையில், இலக்கு மாதிரியைச் சேர்க்காமலேயே மாதிரியில் இன்னும் சேராத அடர்த்தியைக் காட்டும் வித்தியாச வரைபடத்தைப் பாருங்கள். லிங்கருக்கு அப்பால் சுருள்களின் அடர்த்தி தானாகத் தெரிய வேண்டும். தெரியாமல், மாதிரியைப் போட்ட பிறகுதான் தெரிகிறது என்றால் நீங்கள் பார்ப்பது மாதிரியின் நிழலாக இருக்கலாம். எம்பிபி அருமையாகத் தெரிந்து, இலக்குப் பகுதி மட்டும் கலங்கலாக இருக்கும் படிகங்களும் உண்டு. எம்பிபிகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டு நின்று, நடுவில் உள்ள இடைவெளியில் இலக்கு ஆடிக்கொண்டிருக்கும் நிலை அது. அப்போது மூன்றாம் படிக்குத் திரும்பி லிங்கரை மாற்றுங்கள். அதே படிகத்தைச் சீர்ப்படுத்திக் காலம் கழிக்க வேண்டாம். எம்பிபியின் கடைசி அணுவுக்கும் இலக்கின் முதல் அணுவுக்கும் உள்ள தூரம் உங்கள் லிங்கரின் நீளத்துக்குள் அடங்குகிறதா என்றும் அளந்து பாருங்கள். அடங்காவிட்டால் சமச்சீர் இணையான இன்னொரு மூலக்கூறில் உங்கள் இலக்கு இருக்கக்கூடும்.

மாதிரி சீரானதும் சங்கிலியின் முதுகெலும்புக் கோணங்களைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தைப் பாருங்கள். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் வெளியிட்ட அந்த வரைபடம் இன்றைக்கும் உலகெங்கும் ஒவ்வொரு புரதக் கட்டமைப்பையும் உரசிப் பார்க்கப் பயன்படுகிறது. புதுச்சேரியிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் பிறந்த கருவி அது. இலக்குப் பகுதிக்கு மட்டும் தனியாகவும் அதைப் போட்டுப் பாருங்கள். எம்பிபியையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

எட்டாம் படி: இது உண்மையான வடிவம்தானா

துணை இலக்கை வளைத்திருக்கலாம். ஒரு பிணைப்பிடத்தை மறைத்திருக்கலாம். பீட்டா-2 ஏற்பியில் மூன்றாவது உள்வளையத்தில் லைசோசைம் இருந்ததால் ஜி-புரதம் அங்கே வந்து சேர வழியில்லை. அதனால்தான் 2011இல் ஏற்பியும் ஜி-புரதமும் சேர்ந்த கட்டமைப்பைத் தீர்த்தபோது லைசோசைமை ஏற்பியின் முன்முனைக்கு மாற்றினார்கள். நானோபாடி எனப்படும் சிறிய ஆன்டிபாடித் துண்டு ஒன்றும் துணைக்கு வந்தது. உங்கள் புரதத்தின் வேலையை, அதாவது நொதிச் செயலையோ பிணைப்பு வலிமையையோ, இணைவு வடிவிலும் தனி வடிவிலும் அளந்து ஒப்பிடுங்கள். முன்பு தனியாக வைத்திருக்கச் சொன்ன டெவ் பிளாஸ்மிட் இதற்குத்தான். துணையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வளையங்களைப் பற்றிக் கட்டுரையில் எழுதும்போது, அந்த வடிவம் தொடுகையால் வந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

எல்லா லிங்கர்களையும் முயன்றும் படிகம் வரவில்லை என்றால் பிரிலை உறுதியான ஒரே சுருளாக இணைத்து, பிரிலைப் பிடிக்கும் ஆன்டிபாடித் துண்டையும் சேர்த்து உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியான கிரையோ-இஎம்முக்குக் கொண்டுபோகலாம். தனியாகப் பார்க்க முடியாத அளவு சிறிய புரதங்களுக்கும் சவ்வுப் புரதங்களுக்கும் அந்த வழி இப்போது பலன் தருகிறது. அங்கேயும் லிங்கரின் விதி இதேதான்: வளைந்தால் படம் கலங்கும்.

படிகத்திலேயே கட்டமைப்பு கிடைத்துவிட்டால், புரதத் தரவு வங்கியில் சேர்க்கும்போது இலக்கின் வரிசையை மட்டும் கொடுக்காமல், ஹிஸ்டிடின் டேக், எம்பிபியில் செய்த மாற்றங்கள், லிங்கர், இலக்கு என முழுச் சங்கிலியையும் கொடுங்கள். எந்த அமினோ அமிலம் எந்தப் புரதத்தைச் சேர்ந்தது என்பதைத் தெளிவாகக் குறியுங்கள். இலக்கின் எண்களை அதன் இயல்பான எண்களாகவே வைத்து, எம்பிபிக்கு வேறு எண் வரிசை கொடுத்தால் பின்னால் தேடி வருபவருக்குக் குழப்பம் இருக்காது. படிகமாகாத லிங்கர் வடிவங்களின் வரிசைகளையும் கட்டுரையின் துணைப் பகுதியில் போட்டுவிடுங்கள். அதே புரதக் குடும்பத்தில் வேலை செய்யும் அடுத்த மாணவர் எங்கே தொடங்க வேண்டும் என்று அதைப் பார்த்தே முடிவு செய்வார்.